புது ரிவி, பழைய வயர்: வாசகர் கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே முறைப்பாடுதான். தீபாவளிக் கழிவில் புது ரிவி வாங்கினோம், கடையில் பார்த்த படம் வீட்டில் வரவில்லை. கடையில் ஓடியது பென்டிரைவில் போட்ட 4கே விளம்பரப் படம். வீட்டில் நீங்கள் போடுவது இரவுச் செய்தி. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே வாசியுங்கள்.

கொக்குவில்: 55 அங்குல 4கே ரிவி. கேபிளில் நாடகம் பார்த்தால் முகமெல்லாம் பாசி படர்ந்த மாதிரி இருக்கிறது. பழைய 21 அங்குலப் பெட்டியில் பளிச்சென்று தெரிந்தது. ஏமாந்துவிட்டோமா?

இல்லை. உங்கள் வீட்டுக்கு வருவது பால் (PAL) எனப்படும் பழைய ரிவி முறைச் சிக்னல். அதில் திரையில் தெரியும் வரிகள் 576, மொத்தப் புள்ளிகள் சுமார் 4 இலட்சம். உங்கள் புதுத் திரையில் சுமார் 83 இலட்சம் புள்ளிகள். நாலு பேருக்குக் காய்ச்சிய கூழை எண்பது பேருக்கு ஊற்றினால் எப்படி இருக்கும்? மிச்சத்தை ரிவி தானே ஊகித்து நிரப்புகிறது, அதுதான் நீங்கள் சொல்லும் பாசி. பழைய பெட்டி சின்னது, படத்தைக் கொஞ்சம் மென்மையாகவும் காட்டும், அதனால் குறை மறைந்தது.

செய்யக்கூடியது மூன்று. கதிரையை ரிவியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போடுங்கள். மெனுவில் பட மோட் விவிட், டைனமிக் என்று இருந்தால் சினிமா அல்லது மூவிக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸை பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். அதைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் கெடுக்கிறார்கள். அது விளிம்பில் வெள்ளைக் கோடு போடுமே தவிர, இல்லாத விபரத்தைக் கொண்டுவராது.

மானிப்பாய்: டிஷ் இணைப்பில் எச்டி பக்கேஜ் போட்டும் வித்தியாசம் இல்லை.

டிஷ் பெட்டிக்குப் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் குத்தியிருப்பீர்கள். மஞ்சள் வயரில் எச்டி போகாது. எச்.டி.எம்.ஐ வயரைக் குத்துங்கள், பெட்டியின் மெனுவில் வெளியீட்டை 1080க்கு வையுங்கள். சாதாரண வயரே போதும். தங்கம் பூசியது என்று கடைக்காரர் நாலு மடங்கு விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

"ரிவி சரியில்லை, படம் வடிவாக இல்லை, என்ன செய்யலாம்?" (ஊர் இல்லை, மொடல் இல்லை)

நானும் அதைத்தான் கேட்கிறேன், என்ன செய்யலாம்? மொடல் இலக்கம் ரிவியின் முதுகில் ஒட்டியிருக்கும். படம் வருவது கேபிளா, டிஷ்ஷா, அன்ரனாவா, இணையமா? எல்லாச் சனலிலுமா, ஒன்றிரண்டிலா? இவை இல்லாத கடிதத்துக்கு இனிப் பதில் இல்லை.

சுன்னாகம்: கனடாவிலிருந்து மகன் கொண்டுவந்த ரிவி. அங்கே அருமையாக இருந்ததாம். இங்கே அன்ரனா குத்தினால் கறுப்பு வெள்ளையில் படம் உருளுகிறது, சத்தம் இரைகிறது.

ரிவியில் பழுது இல்லை, அது அந்த நாட்டுக்குச் செய்த ரிவி. வட அமெரிக்க ரிவிகளில் இருக்கும் ரியூனர், அதாவது அன்ரனாச் சிக்னலைப் பிடிக்கும் பகுதி, எங்கள் பால் சிக்னலுக்கு ஏற்றதல்ல. இங்கே படம் வினாடிக்கு 50 தடவை, அங்கே 60. நிறத்தைச் சுமந்து வரும் அலை வேறு, சத்தம் வரும் இடமும் வேறு. மெனுவில் எதைத் தட்டினாலும் சரிவராது. அன்ரனாவை மறந்துவிட்டு டிஷ் பெட்டியையோ ஃபைபர் ரிவிப் பெட்டியையோ எச்.டி.எம்.ஐ வழியாகக் கொடுங்கள். அப்போதும் திரை கறுப்பாக இருந்தால் பெட்டியின் வெளியீட்டை 60 ஹேர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது முதுகில் ஒட்டியிருக்கும் துண்டு. 100-240 வோல்ற் என்று இருந்தால் நேரே குத்தலாம். 110-120 என்று மட்டும் இருந்தால் வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் எங்கள் 230இல் குத்த வேண்டாம். ஒரு நொடியில் போர்ட் போய்விடும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ரிவியைச் சுமந்து வராதீர்கள், காசை அனுப்புங்கள்.

குருநகர்: மாடி, கீழ், விறாந்தை என்று மூன்று ரிவிக்கும் ஒரே கேபிள். புதிதாக வாங்கிய ரிவியில் புள்ளிமழை, சில சனலில் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் முகம். கடைக்காரரோ ரிவியில் பிழை இல்லை என்கிறார். யாரை நம்புவது?

இந்தமுறை கடைக்காரரை நம்புங்கள். இது நான் வருடக்கணக்காகக் கத்தும் விஷயம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரண்டு இலட்சம் கொடுத்து ரிவி வாங்குகிறோம். அதற்குப் போகும் வயரோ பத்துப் பதினைந்து வருடம் கூரையில் கிடந்தது. நடுவில் எட்டவில்லை என்றால் இரண்டு துண்டை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுகிறோம். ரிவிக்குச் சிக்னல் கொண்டுவரும் இந்தக் கோக்ஸ் வயர் மின்விளக்கு வயர் அல்ல. நடுக் கம்பிக்கும் வெளி வலைக்கும் இடையில் உள்ள இடைவெளிதான், சிக்னல் மோதாமல் ஓடுவதற்கு வேண்டிய 75 ஓம் என்ற அளவைக் காப்பாற்றுகிறது. முறுக்கிய இடத்தில் அந்த அளவு குலைகிறது. சிக்னலில் ஒரு பங்கு அதில் மோதித் திரும்பி ஓடி, மறுபடி வந்து சேர்கிறது. பிந்தி வந்த அந்தப் பங்குதான் நீங்கள் பார்க்கும் நிழல் முகம்.

புள்ளிமழைக்குக் காரணம் பங்கு பிரித்தது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிற்றரில் ஒவ்வொரு பக்கமும் பாதியைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும், நாலாகப் பிரித்தால் கால்வாசிகூட வராது. உங்கள் வீட்டில் ஸ்பிளிற்றராவது இருக்கிறதோ, மூன்று வயரையும் சேர்த்து முறுக்கியிருக்கிறதோ தெரியாது. கடிதத்தில் எழுதவில்லை.

அடுத்தது உப்பு. குருநகரிலும் காரைநகரிலும் வல்வெட்டித்துறையிலும் கடல் காற்று வயரின் வாய்க்குள் புகுந்துவிடும். வெளித்தோலை ஒரு சாண் உரித்துப் பாருங்கள். வலை பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் வெட்டுங்கள், செம்பு மினுங்கும் வரைக்கும் வெட்டுங்கள். மூன்று நாலு அடி வெட்டியும் மினுங்காவிட்டால் அந்த வயரை எறிந்துவிட்டுப் ஆர்.ஜி.6 என்ற வகைப் புதுக் கோக்ஸ் வயர் போடுங்கள். நுனிக்குத் திருகிப் பூட்டும் எஃப் கனெக்டர், பிரிக்க ஒரே ஒரு நல்ல ஸ்பிளிற்றர், அதில் பாவிக்காத வாய்க்கு 75 ஓம் மூடி. சுவருக்குள் நுழையுமுன் வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அதில் சொட்டிவிடும், ரிவிக்குள் வராது. எல்லாம் சேர்த்தாலும் ரிவி விலையில் நூற்றில் சில பங்குதான் ஆகும்.

கேபிள்காரரையும் விடவேண்டாம். தெருக் கம்பத்திலிருந்து வரும் வயரை நேரே ஒரு ரிவியில் குத்தச் சொல்லுங்கள். அங்கேயே புள்ளிமழை என்றால் பிழை அவருடையது. சுத்தமாக வந்தால் உங்களுடையது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல்தான் சனம் ரிவியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறது.

கூரையில் ஏறுமுன் ரிவி பிளக்கைக் கழற்றுங்கள். இடி முழங்கும் நாளில் ஏறவே வேண்டாம்.

நெல்லியடி: இரவில் யூரியூப் மங்கல், பகலில் நல்லது.

இரவில் ஊரே பார்க்கிறது, வேகம் விழுகிறது, யூரியூப் தானாகவே தரத்தைக் குறைக்கிறது. ஃபுல் எச்டிக்கு இணைய வேகம் சுமார் 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 20க்கு மேல் நிலையாக வேண்டும். பழைய சுண்ணாம்புக் கல் வீடு என்றால் ரவுட்டர் மற்ற அறையில் இருந்தால் சுவரே பாதியைத் தின்றுவிடும். முடிந்தால் ரிவிக்கு வயர் இழுங்கள்.

ஏழாலை: படங்கள் எல்லாம் நாடகம் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன.

மோஷன் ஸ்மூதிங், அதாவது ரிவி தானே நடுவில் படங்களைச் சொருகி அசைவை வழவழப்பாக்குவது. கம்பனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், எதுவானாலும் நிறுத்துங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் குறைந்த அளவில் விடலாம்.

சாவகச்சேரி: எச்டிஆர் படம் போட்டால் ஒரே இருட்டு.

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை. விலை குறைந்த ரிவிகள் அதை வாசிக்கும், ஆனால் வேண்டிய வெளிச்சம் அவற்றிடம் இல்லை. ஈகோ மோடை நிறுத்துங்கள், பேக்லைற்றை முழுதாகக் கூட்டுங்கள், யன்னலை மூடுங்கள். அப்படியும் இருட்டு என்றால் எச்டிஆர் இல்லாமலே பாருங்கள், நட்டம் ஒன்றுமில்லை.

அச்சுவேலி: வோல்ற் குறைவதால் படம் மங்குமா? ஸ்டெபிலைசர் வாங்கவா?

இப்போதைய ரிவிகளில் பெரும்பாலானவை 100இலிருந்து 240 வோல்ற் வரை தாங்கும், முதுகில் ஒட்டியிருக்கும் துண்டில் பாருங்கள். அப்படி இருந்தால் படம் மங்காது. பணத்தை மின்னல் தாக்கத்துக்கான சேர்ஜ் புரொடெக்டரில் போடுங்கள். அது இருந்தாலும் இடி என்றால் பிளக்கையும் கேபிளையும் இரண்டையும் கழற்றுங்கள். பலர் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு, வயர் வழியாக மின்னலுக்குக் கதவு திறந்து வைக்கிறார்கள்.

கரவெட்டி: செய்தியில் கீழே ஓடும் எழுத்து பாதி வெட்டுப்படுகிறது.

படத்தின் அளவு மெனுவில் ஜஸ்ட் ஸ்கான் அல்லது ஸ்கிரீன் ஃபிற்.

சங்கானை: யன்னல் துடைக்கும் திரவத்தால் துடைத்தேன், இப்போது வெண்படலம்.

மேல்பூச்சு போயிருந்தால் திரும்ப வராது. இனி மைக்ரோஃபைபர் துணி, தேவையென்றால் துணியில் துளி தண்ணீர். திரையில் நேரே தெளிக்க வேண்டாம்.

திருநெல்வேலி: வாங்கி ஐந்து மாதம், திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. தட்டினால் சில வேளை போய்விடுகிறது.

தட்டாதீர்கள். திரைப் பனலுக்குச் சிக்னல் கொண்டுபோகும், அதில் ஒட்டிய மெல்லிய நாடா விலகத் தொடங்கினால் இப்படித்தான் வரும், தட்டத் தட்ட இன்னும் விலகும். செற்றிங்கில் இதற்கு மருந்து இல்லை. சூடு காட்டி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள், திறந்த ரிவிக்கு உத்தரவாதம் கிடையாது. தெரியும் கோட்டை போனில் வீடியோ எடுத்து, பில்லோடும் உத்தரவாத அட்டையோடும் கடைக்குப் போங்கள். பில்லை எங்கே வைத்தோம் என்று தேடவேண்டியிருந்தால் நான் ஒவ்வொரு தடவையும் சொல்வதை நீங்கள் கேட்கவில்லை என்று அர்த்தம். உத்தரவாதக் காலத்துக்குள் கடை கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977.