பூவின் முதுகைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: ஜப்பானிய பாணியில் ஓர் அறையை அமைதியாக வைத்துக்கொள்ள ஆசை. 3 மீட்டர் அகலச் சுவர் ஒன்று வெறுமையாக இருக்கிறது. கையால் செய்த பீங்கான் பூக்கள் 12 சேர்ந்த செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: பன்னிரண்டு வேண்டாம். மூன்று போதும், மிஞ்சிப்போனால் ஐந்து. மரபான ஜப்பானிய அறையில் டோகொனோமா என்றொரு மாடம் இருக்கும். அதில் ஒரு சித்திரச் சுருள், ஒரு பூச்சாடி, அவ்வளவுதான். மீதமுள்ள வெற்றிடமும் அலங்காரத்தில் சேர்த்தி. அதற்கு ‘மா’ என்று பெயரே உண்டு. பன்னிரண்டு பூவைப் பரப்பினால் அந்த வெற்றிடம் போய்விடும், பூப்போட்ட சுவர்த்தாள்தான் மிஞ்சும்.

மூன்றும் ஒரே அளவில் இருக்கக் கூடாது. 14, 10, 7 செ.மீ. என்று இறங்கு வரிசையில் எடுங்கள். சுவரின் நடுவில் மாட்டாமல், ஒரு பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பெரிய பூவை வையுங்கள். அடுத்தது 9 செ.மீ. இடைவெளி விட்டு, மூன்றாவது 20 செ.மீ.க்கு மேல் விலகி, சற்றுக் கீழே. இடைவெளிகள் சமமாக இருந்தால் சட்டைப் பொத்தான் மாதிரி தெரியும். ஆணி அடிக்குமுன் அதே அளவில் காகித வட்டங்கள் வெட்டி, மாஸ்கிங் டேப்பால் ஒட்டி மூன்று நாள் விட்டுவிடுங்கள். வாசலில் நின்றும், வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தும் பாருங்கள். தரையில் உட்காரும் அறையென்றால் கண்மட்டம் ஏறக்குறைய 75 செ.மீ.தான், அதனால் பூக்கூட்டத்தின் மையம் 100 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நாற்காலி போட்ட அறைக்கு 130 முதல் 140.

நிறத்தைவிட நிழல் முக்கியம். வெளிர் சுவரில் வெள்ளை மேட் பூ எடுபடாது என்று பயப்பட வேண்டாம். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போல் வைத்தால் ஒவ்வொரு இதழும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். அதே விளக்கு நேர் எதிரே இருந்தால் பூ தட்டையாகிவிடும். பளபளக்கும் கிளேஸ், அதாவது மண்மேல் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சு, இந்த அறைக்குச் சேராது. விளக்கின் பிம்பம் இதழில் புள்ளியாக மின்னிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: இணையத்தில் ‘கையால் செய்த செராமிக்’ என்று போட்டிருப்பதை எப்படி நம்புவது?

பதில்: முன்பக்கப் படம் எதையும் சொல்லாது. பின்பக்கப் படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கும் கடையை விட்டுவிடலாம். பின்னால் பார்க்க வேண்டியது மூன்று: தொங்கவிட என்ன வழி, இதழ்கள் அடியோடு சேர்ந்த இடம், கிளேஸ் இல்லாத மண்ணின் நிறம். தொங்கவிட மிக நல்லது சாவித்துளை. கீழே அகலம், மேலே குறுகல். மண்ணிலேயே வெட்டிச் சூளையில் சுட்டிருக்க வேண்டும். பின்னால் ஒட்டவைத்த உலோகக் கொக்கி என்றால் பசை எவ்வளவு நாள் தாங்குகிறதோ அவ்வளவு நாள்தான் பூவும். இதழ் அடியோடு சேரும் இடத்தில் மண் நன்றாக அழுத்திக் குழைத்திருக்க வேண்டும். வெறுமனே ஒட்டி நிற்கும் இதழ் முதல் பயணத்திலேயே கழன்றுவிடும்.

ரெசின், பாலிமர் களிமண் போன்ற பிளாஸ்டிக் வகைகளைச் செராமிக் என்று விற்பவர்கள் உண்டு. பாலிமர் களிமண் சமையல் அடுப்பிலேயே சுமார் 130 டிகிரியில் இறுகிவிடும். மண் பாண்டத்தைச் சூளையில் சுமார் 1000 டிகிரியில் சுடுவார்கள், ஸ்டோன்வேர் என்கிற கெட்டிப் பீங்கானை 1200க்கு மேல். கையில் எடுத்தால் பீங்கான் சில்லென்று இருக்கும், ரெசின் இருக்காது. விரல் கணுவால் தட்டினால் பீங்கான் கணீரென்னும், பிளாஸ்டிக் ‘டொக்’ என்னும். கிளேஸ் இல்லாத பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: உடனே குடித்தால் குறைந்த சூட்டில் சுட்ட மண், அப்படியே நின்றால் நன்றாகச் சுட்டது. முன்னது உலர்ந்த அறைக்குப் போதும். குளியலறைச் சுவருக்கு ஆகாது, ஈரம் குடித்துக் கறை படியும்.

செட்டில் உள்ள எல்லாப் பூவிலும் அதே இதழில் அதே மடிப்பு இருந்தால் அது அச்சில் வார்த்தது. அச்சுப் பூ குற்றமில்லை. கைவேலை விலை கேட்பதுதான் குற்றம். உண்மையான கைவேலையில் அளவு 5 மி.மீ. கூடக்குறைய இருக்கும், நிறமும் ஒரு படி மாறும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கோணலான துளையையும் விரலைக் கிழிக்கும் விளிம்பையும் ‘வாபி-சாபி’ (குறையிலும் அழகு காணும் ஜப்பானிய ரசனை) என்று சொல்லித் தலையில் கட்டப் பார்த்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: வந்த பூவில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். உடைந்ததா?

பதில்: குளிரும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இப்படி வரும். கோடு கிளேஸில் மட்டும் இருந்தால் கவலையில்லை. சில குயவர்கள் வேண்டுமென்றே வரவைப்பார்கள். பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கும் கருத்த கோடு தெரிந்து, தட்டினால் மந்தமாக ஒலித்தால் அது விரிசல். பெட்டியைத் தூக்கிப் போடாமல் அன்றைக்கே படத்தோடு புகார் கொடுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. டேப் போட்டு ஒட்டினேன், ஒரே வாரத்தில் ஒரு பூ விழுந்தது. ஏன்?

பதில்: விழுந்த பூவின் டேப்பைப் பாருங்கள். அதில் பெயிண்ட் ஒட்டியிருந்தால் சுவர்தான் விட்டுவிட்டது. சுத்தமாக இருந்தால், பூவின் சொரசொரப்பான முதுகை டேப் பற்றவேயில்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் எடை வழவழப்பான பரப்புக்கு மட்டும் பொருந்தும். பாதியாக எடுத்துக்கொண்டு, பூவைச் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் டேப்பே வேண்டாம். மூன்று பூவையும் ஒரு மரப்பலகையில் திருகி, தாழ்வான அலமாரிமேல் சாய்த்து வைப்பது இன்னும் மேல். பலகை வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் துண்டு ஒட்டுங்கள்.

துளை போட அனுமதி இருந்தால்: செங்கல், கான்கிரீட் சுவருக்கு 6 மி.மீ. பிட், 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக், 40 மி.மீ. ஸ்க்ரூ. சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள், உள்ளே ஒயர் ஓடும். ஸ்க்ரூ தலை சுமார் 4 மி.மீ. வெளியே நிற்கட்டும். கூடினால் பூ முன்னால் சாயும். குறைந்தால் துளைக்குள் ஏறாது, அமுக்கினால் விளிம்பு சில்லு பெயரும். ஒற்றைத் துளையில் தொங்கும் பூ கனமான இதழ்ப் பக்கம் சுழன்றுகொள்ளும். கீழே இரண்டு ஃபெல்ட் பொட்டுகள் ஒட்டினால் நிற்கும்.

கேள்வி: எந்தப் பூ பொருத்தம்?

பதில்: செர்ரி என்று வாங்கினால் ஐந்து இதழ்களின் நுனியிலும் சிறு பிளவு இருக்கிறதா பாருங்கள். பிளவில்லாத வட்ட இதழ் என்றால் அது பிளம். வெள்ளைச் செவ்வந்தி ஜப்பானில் துக்க வீட்டுப் பூ. காமெலியா முழுப்பூவாக உதிர்வதால் நோயாளிக்குக் கொடுக்க மாட்டார்கள்; சொந்த அறைக்குத் தாராளமாக மாட்டலாம். நான்கு மட்டும் வேண்டாம். ஜப்பானிய மொழியில் அந்த எண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒத்துப்போகும். அங்கே மாடத்தில் பூ பருவத்துக்குப் பருவம் மாறும். சாவித்துளைப் பூவாக இரண்டு செட் இருந்தால் நீங்களும் அதே ஸ்க்ரூவில் மாற்றி மாட்டலாம். இறக்கியதை மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, இதழ்களுக்கு நடுவே மெல்லிய காகிதம் திணித்து, முகம் மேலே பார்க்க வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.