பிரௌசிங் சென்டர் ராஜாக்கள் திரும்பி வந்தால்: துப்பாக்கி கேம் கேள்வி பதில்

அண்ணா, காலேஜ் நாட்களில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6-இல் எங்கள் பிரௌசிங் சென்டரில் என்னை அடிக்க ஆள் கிடையாது. இப்போது வயது 41. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் இறங்கினால் பத்து விநாடி தாங்குவதில்லை. கைக்கு வயதாகிவிட்டதா?

கையைப் பழி சொல்லாதீர்கள் தம்பி. அன்று நீங்கள் அடித்தது உங்கள் தெருப் பையன்கள் பத்துப் பேரை. இன்று எதிரே நிற்பவன் தினமும் மூன்று மணி நேரம் ஆடுகிறவன். வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் ஓடிக்கொண்டே சுட்டுத்தான் சாகிறார்கள். ஏகே-47-ஐ ஓடியபடி சுட்டால் குண்டு எங்கேயோ போகும். 1.6-இலும் அப்படித்தான், நமக்கு மறந்துவிட்டது. கீபோர்டில் டி-யை அழுத்தி வலப்பக்கம் போகிறீர்களா? நிற்கவேண்டிய நேரத்தில் டி-யை விட்டுவிட்டு, இடப்பக்கம் போகும் ஏ-யை லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். ஆள் சட்டென்று நிற்பான். அப்போது சுடுங்கள்.

அப்புறம், திரை நடுவில் இருக்கும் குறிபார்க்கும் புள்ளியை எதிரியின் தலை உயரத்திலேயே வைத்து நடங்கள். தரையைப் பார்த்து நடக்கும் பழக்கம் எனக்கே ஆறு மாதம் போகவில்லை.

டஸ்ட் 2 மேப், அதாவது அந்தப் பழைய சண்டைக்களம், உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். மாறியிருப்பது புகைக்குண்டு. 2023-இல் வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல், புகைக்குள் ஒரு கையெறி குண்டை வீசினால் சில விநாடிகளுக்குப் புகை விலகி வழி தெரியும். புகைக்குப் பின்னால் நிம்மதியாக உட்காரும் காலம் போய்விட்டது.

அரை மணி நேரம் ஆடினாலே தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. இருபது வயதில் இப்படி இல்லையே சார்?

எனக்கும் வந்ததுங்க. நகர்கிறோம் என்கிறது கண்; சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது உடல் சமநிலையைக் கவனிக்கும் உள்காது. இந்தச் சண்டைதான் குமட்டல். திரையில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்ற பார்வைக் கோணம் (FOV) குறுகலாக இருந்தால் இன்னும் மோசம். ஹாஃப் லைஃப் 2-இல் அது 75 டிகிரியில் இருக்கும், 90 ஆக்குங்கள். மற்ற ஆட்டங்களில் திரும்பும்போது படம் மங்கும் மோஷன் பிளர், நடக்கும்போது தலை ஆடும் ஹெட் பாப் இரண்டும் இருந்தால் அணைத்துவிடுங்கள். நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிப் போடுங்கள். அப்படியும் குமட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடவேண்டாம். அன்றைக்கு மூடிவிடுங்கள்.

டூம் 2016 வாங்கினேன். சுவருக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து சுடுகிறேன், செத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒளிவதால்தான் சாகிறீர்கள்! இது கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு நேர் எதிர். இங்கே நிற்கவே கூடாது. அடிபட்ட அரக்கன் மின்னுவான். கிட்டே போய்க் கையாலேயே முடித்தால் அவனிடமிருந்து உங்களுக்கு உயிர் கொட்டும். அதாவது, சாகக் கிடக்கும்போதுதான் அவன்மேல் பாயவேண்டும். துப்பாக்கியில் மறுபடி குண்டு நிரப்பும் ரீலோட் பட்டனைத் தேடாதீர்கள், கிடையாது. 1993 டூமிலும் இல்லை. பல வருடம் கழித்து வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த 2016 டூமைத்தான். ஆன்லைனில் அடிவாங்கும் முன் கொஞ்சம் தெம்பு வரட்டும்.

ஆபீஸ் லேப்டாப்தான் இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு இல்லை.

1998-இல் வந்த முதல் ஹாஃப் லைஃப். 2023-இல் அதன் 25-ஆம் ஆண்டுக்காகப் புதுப்பித்தார்கள், அகலத் திரையிலும் ஒழுங்காக வரும். முடித்துவிட்டால் 2018-இல் வந்த டஸ்க். பார்க்க 1996 குவேக் மாதிரியே இருக்கும், வேகம் தலைதெறிக்கும். ஆனால் மவுஸ் இல்லாமல் டச்பேடில் ஆடாதீர்கள்.

மவுஸ் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் ப்ரிசிஷன்’ டிக்கை எடுங்கள். பழைய ஆட்டங்களில் பெரும்பாலும் அதுதான் வில்லன். பிறகு ஒரு ஸ்கேலை மேசையில் வையுங்கள். ஆட்டத்துக்குள் முழுதாக ஒரு சுற்றுச் சுற்ற மவுஸ் 35 சென்டிமீட்டர் வாக்கில் நகரவேண்டும். 8 சென்டிமீட்டரிலேயே சுற்றிவிட்டால் சென்சிட்டிவிட்டி, அதாவது ஆட்டத்தில் மவுஸ் வேகம், அதிகம். மணிக்கட்டை விடுங்கள், முழங்கையிலிருந்து ஆட்டுங்கள்.

மைக்கில் சின்னப் பையன்கள் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள் அண்ணா.

மியூட். சென்டரில் நாம் பேசாத பேச்சா?