எடின்பரோவில் எதைப் பார்ப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

என் மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். செப்டம்பர் மாதக் கடைசியில் நானும் என் கணவரும் மாமியாரும் அவனிடம் போகிறோம். அங்கிருந்து மூன்று நாள் எடின்பரோ போய்வரலாம் என்று திட்டம். இணையத்தில் தேடினால் "கட்டாயம் பார்க்க வேண்டியவை" என்று ஏராளமான இடங்கள் வருகின்றன. கோட்டை, அரியணைக் கல், ஹோலிரூட் அரண்மனை, ஆர்தர்ஸ் சீட் குன்று, பிரிட்டானியா கப்பல், விஸ்கிக் காட்சியகம் என்று என் கணவர் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். ஒரு நாள் லாக் நெஸ் ஏரிக்குப் பேருந்தில் போய்வரலாம் என்கிறான் மகன். மாமியாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது, முழங்கால் வலியும் உண்டு, ஆனால் அறையில் விட்டுவிட்டுப் போகச் சம்மதிக்க மாட்டார். நாங்கள் எல்லோரும் சைவ உணவுக்காரர்கள். நீங்கள் அந்த ஊரைப் பற்றி முன்பு எழுதியிருப்பதால் கேட்கிறேன். எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

தங்கள் வாசகி,
தஞ்சாவூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பட்டியலிலிருந்து ஒன்றை அடித்துவிடலாம். ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூட அமர்ந்த அரியணைக் கல் இப்போது எடின்பரோக் கோட்டையில் இல்லை. 1296-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ஸ்கோன் என்ற ஊரிலிருந்து எடுத்துச் சென்ற அந்த மணற்கல், ஏழு நூற்றாண்டுகள் லண்டனில் இருந்தபின் 1996-இல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பிக் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது; 2024-இல் ஸ்கோனுக்கு அருகிலுள்ள பெர்த் நகரத்தின் புதிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இணையப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை என்பதால் பலவற்றில் அது இன்னும் கோட்டையிலேயே இருக்கிறது.

பட்டியல் போட்டு ஊர் பார்ப்பதில் எனக்குள்ள குறை அதுவல்ல. எடின்பரோவில் கட்டடங்களைவிட அவை நிற்கும் நிலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிலம் பிடிபட்டுவிட்டால் கட்டடங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகவே விளங்கும். கோட்டை நிற்கும் கரும்பாறை ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலையின் தொண்டைக்குள் இறுகிப்போன குழம்பு. பனியூழிக் காலத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் இந்தக் கடும்பாறையை அசைக்க முடியாமல் இரண்டாகப் பிரிந்து, வடக்கிலும் தெற்கிலும் நிலத்தை ஆழமாகச் சுரண்டிக்கொண்டு போயிற்று. பாறையின் கிழக்கு மறைவில் கிடந்த மென்மையான நிலம் மட்டும் அரிபடாமல் ஒரு நீண்ட வாலைப்போலத் தப்பியது. அந்த வாலின் முதுகெலும்பில் ஓடுவதுதான் ராயல் மைல் என்ற தெரு. மேலே கோட்டையில் தொடங்கி, கீழே ஹோலிரூட் அரண்மனையில் முடிகிறது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேலிருந்து கீழே நடந்தால் உங்கள் மாமியாருக்கும் பெரிய சிரமம் இராது. கீழிருந்து தொடங்கும் தவற்றை மட்டும் செய்துவிடாதீர்கள்.

இந்த மேட்டின் வடபுறப் பள்ளத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் பாதுகாப்புக்காக நீர் தேக்கினார்கள். நார் லாக் என்ற அந்த ஏரி, போகப் போக ஊர்க் கழிவெல்லாம் வந்து சேரும் சாக்கடையானது. ஏரிக்கும் மதிலுக்கும் நடுவே அகலத்தில் வளர இடமில்லாத நகரம் உயரத்தில் வளர்ந்தது. மின்தூக்கி என்ற ஒன்று கனவிலும் இல்லாத காலத்தில் கல்லால் கட்டிய பல மாடி வீடுகள் எழுந்தன. ஒரே படிக்கட்டில் நீதிபதியும் வணிகரும் கூலித் தொழிலாளியும் வெவ்வேறு மாடிகளில் குடியிருந்தார்கள். அப்படிப்பட்ட வீடு ஒன்றை உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் லான்மார்க்கெட் பகுதியில் கிளாட்ஸ்டன்ஸ் லேண்ட் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு வணிகரின் வீடு அது. கூரை விட்டங்களில் வண்ணம் தீட்டிய பூக்களும் பழங்களும் இன்னும் தெரிகின்றன.

வீடுகளுக்கு நடுவே இருபுறமும் கீழிறங்கும் சந்துகளை அங்கே குளோஸ் என்கிறார்கள். எடின்பரோவில் நான் முதலிடம் தருவது இவற்றுக்குத்தான். கட்டணம் கிடையாது, பெரும்பாலான பயணிகள் கம்பளித் துணிக் கடைகளையும் பைப் இசைப்பவர்களையும் பார்த்தபடி இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அட்வகேட்ஸ் குளோஸின் வாயிலில் நின்று கீழே பாருங்கள். இரண்டு ஆள் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும் அகலம், தேய்ந்த கற்படிகள், இருபுறமும் கரிய சுவர்கள். அந்த இடுக்கின் முடிவில் பள்ளத்தாக்குக்கு அப்பால் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் நினைவுக் கோபுரம் சட்டம் போட்டதுபோல நிற்கும். மாமியார் அந்தப் படிகளில் இறங்க வேண்டாம், மேலே நின்று பார்த்தாலே போதும். அவர் உட்கார்ந்து இளைப்பாற, தெருவின் கீழ்க்கோடியில் டன்பார்ஸ் குளோஸ் இருக்கிறது. குறுகலான வாயிலுக்குள் நுழைந்தால், பதினேழாம் நூற்றாண்டு முறையில் குட்டைச் செடிகளைக் கத்தரித்து அமைத்த சிறு தோட்டமும் கல் இருக்கைகளும் வரும்.

நீங்கள் தஞ்சாவூர்க்காரர் என்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோட்டை வாசலை ஒட்டி வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக ராம்சே கார்டன் என்ற வீட்டுத் தொகுதி நிற்கும். அது எழக் காரணமானவர் பேட்ரிக் கெடிஸ் என்ற உயிரியலாளர், நகரத் திட்டவியலாளர். வசதியானவர்கள் எல்லாம் கைவிட்டுப் போய், பழைய நகரம் நெரிசலும் நோயும் மிகுந்த இடமாகியிருந்த காலம் அது; இடித்துத் தரைமட்டமாக்குவதுதான் வழி என்று பலரும் நம்பியபோது, கெடிஸ் 1886-இல் மனைவியோடு அங்கேயே ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேறி, நிற்க முடியாததை மட்டும் நீக்கி, மற்றவற்றைச் செப்பனிட்டு, காற்றும் வெளிச்சமும் வர இடம் திறந்துவிட்டார். 1914-இல் மதராஸ் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அவரை இங்கே அழைத்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கிளான் கிராண்ட் கப்பலை மூழ்கடித்தது, சில வாரங்களுக்கு முன் சென்னைமேல் குண்டு வீசிய அதே எம்டன். மனம் தளராத கெடிஸ் 1915-இல் மாகாணத்து ஊர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர் அவற்றில் ஒன்று. பழைய குடியிருப்புக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் புதுத் தெருக்களை வெட்டுவதற்கு இருந்த திட்டத்தை மறுத்து, இருக்கிற சந்துகளையே ஆங்காங்கே சற்று விரிவாக்கினால் போக்குவரத்துக்கும் போதும், வீடுகளும் தப்பும், செலவும் குறையும் என்று வாதாடினார். உங்கள் ஊருக்கு அவர் சொன்ன யோசனை இந்தச் சந்துகளில் அவர் செய்து பார்த்ததுதான். அவர் 1892-இல் வாங்கி நகர ஆய்வுக்கூடமாக்கிய கோபுரம் இப்போது கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெயரில் குழந்தைகளுக்கான வேடிக்கைக் கூடமாக இருக்கிறது. வெளியே நின்று பார்த்துவிட்டு நகரலாம்.

கோட்டைக்குள் போக வேண்டுமா என்றால், மற்றவர்கள் போகலாம், மாமியாரைப் பொறுத்தவரை யோசிக்க வேண்டும். உள்ளே உருண்டைக் கல் பாவிய செங்குத்தான ஏற்றம். நடக்க இயலாதவர்களை மேலே கொண்டுசெல்லச் சிறிய வண்டி உண்டு. சீட்டு எடுக்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய மார்கரெட் தேவாலயம், எடின்பரோவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடம். ஸ்காட்லாந்து மன்னர்களின் மணிமுடி, செங்கோல், வாள் ஆகிய மூன்றையும் 1707-இல் அந்நாடு இங்கிலாந்தோடு இணைந்தபின் ஒரு பெட்டியில் பூட்டி அறையை அடைத்துவிட்டார்கள். அவை இருக்கின்றனவா என்றே சந்தேகம் எழுந்தபின், 1818-இல் வால்டர் ஸ்காட் முன்னின்று பெட்டியைத் திறக்க வைத்தார். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பதற்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் நிற்பதா வேண்டாமா என்பதை உங்கள் கணவர் முடிவு செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை அது வெடிக்காது. சத்தம் ஊரெங்கும் கேட்கும் என்பதால், கீழே பிரின்சஸ் தெருப் பூங்காவில் உட்கார்ந்தே கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பூங்காதான் பழைய ஏரி. பதினெட்டாம் நூற்றாண்டில் நீரை வடித்து, எதிர்க்கரையில் 1767-இல் இருபதுகளில் இருந்த ஜேம்ஸ் கிரெய்க் வரைந்த திட்டப்படி புதிய நகரத்தைக் கட்டினார்கள். அதற்குத் தோண்டிய மண்ணைக் கொட்டியே இரண்டு நகரங்களுக்கும் நடுவே பாதை போட்டார்கள். மவுண்ட் என்ற அந்த மேட்டில்தான் தேசிய ஓவியக்கூடம் இருக்கிறது. நுழைவு இலவசம். அங்கே ரேபர்ன் தீட்டிய, கறுப்பு உடையில் கைகட்டியபடி உறைந்த ஏரிமேல் சறுக்கிச் செல்லும் பாதிரியாரின் சிறிய ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் நட்டமில்லை. புதிய நகரத் தெருக்கள் அழகானவை, நேரானவை, நீளமானவை; சார்லட் சதுக்கம் வரை பேருந்தில் போய் ஒரு சுற்றுப் பார்த்தால் போதும்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் சேம்பர்ஸ் தெருவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதுவும் இலவசம், மின்தூக்கி உண்டு, மழைக்கு ஒதுங்கவும் தோதான இடம். வளர்ந்த உயிரின் உயிரணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட முதல் பாலூட்டியான டாலி என்ற ஆடு, எடின்பரோவுக்கு அருகே ராஸ்லினில் 1996-இல் பிறந்து 2003-இல் இறந்தபின் பாடம் செய்யப்பட்டு அங்கே கண்ணாடிக்குள் நிற்கிறது. என் விருப்பம் அதைவிட லூயிஸ் தீவுச் சதுரங்கக் காய்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை, 1831 வாக்கில் தீவு மணலில் கிடைத்தவை. அப்போது கிடைத்த 93-இல் 82 லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம், 11 இங்கே. விரல் நீளமே உள்ள ராணி, வலது கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உருண்ட கண்கள், முதுகில் வழியும் திரையில் நுண்ணிய மடிப்புகள். கன்னத்தில் கை வைத்தால் என்ன பொருள் என்று உங்கள் மாமியாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆர்தர்ஸ் சீட் 251 மீட்டர் உயரம். மகனும் கணவரும் ஏறட்டும். அதன் முன்புறம் செங்குத்தாக நிற்கும் சாலிஸ்பரி பாறைவரிசையை அடிவாரத்திலிருந்தே பார்க்கலாம். படிவுப் பாறைகளுக்கு இடையே உருகிய குழம்பு புகுந்து அவற்றைத் தூக்கி இறுகியிருப்பதை நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் இங்கே கண்டார். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் அல்ல, கணக்கிட முடியாத நெடுங்காலம் என்ற தன் கருத்தை 1785-இல் இந்த ஊர் அறிஞர் சபையில் முன்வைத்தார். மாமியாரோடு நீங்கள் கால்டன் குன்றுக்குப் போங்கள். படி ஏறாமல் சாலை வழியாகவும் மேலே போகலாம். நெப்போலியன் போரில் இறந்தவர்களுக்காகக் கிரேக்கக் கோயிலைப் போல ஒன்றை 1826-இல் கட்டத் தொடங்கி, 1829-இல் பணம் தீர்ந்துபோய், பன்னிரண்டு தூண்களோடு விட்டுவிட்டார்கள். முழுதாகக் கட்டியிருந்தால் இவ்வளவு அழகாக இருந்திருக்குமா என்பது சந்தேகம். கோட்டை, மேட்டு நகரம், புதிய நகரம், கடல் எல்லாம் ஒரே இடத்திலிருந்து தெரியும்.

லாக் நெஸ் வேண்டாம். போக வர ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை, மற்றவர்களுக்கும் கண்ணாடி வழியே மலையைப் பார்த்ததுதான் மிஞ்சும். அந்த நாளைக் கிளாஸ்கோவுக்குக் கொடுங்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில், கூரையில் தொங்கும் ஸ்பிட்ஃபயர் போர் விமானமும், சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவை மேலிருந்து நோக்கியதாக ஓவியர் சால்வடோர் டாலி தீட்டிய ஓவியமும் இருக்கின்றன. நண்பகலை ஒட்டிப் பெரிய ஆர்கனில் இசை நடக்கும், அனைத்தும் இலவசம். நகர நடுவில் நவீன ஓவியக்கூடத்தின் வாசலில் வெலிங்டன் சிலையின் தலைமேல் யாரோ கவிழ்க்கும் போக்குவரத்துக் கூம்பைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் பின்னாலுள்ள கட்டடத்தையும் கவனியுங்கள். அதன் உட்பகுதி கனிங்ஹாம் என்ற புகையிலை வணிகர் கட்டிய மாளிகை. அடிமைகளின் உழைப்பில் விளைந்த வர்ஜீனியாப் புகையிலையில் இந்த ஊர் கொழுத்தது. அமெரிக்க விடுதலைப் போர் வந்தபோது, சரக்கைத் தேக்கி வைத்திருந்த கனிங்ஹாம் பெரும் செல்வரானார். அதே வணிகத்தில் இருந்த அலெக்சாண்டர் மன்றோ நொடித்துப்போனார். அதனால் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய அவர் மகன்தான், 1780-இல் சென்னையில் வந்திறங்கி, பிற்பாடு ஆளுநராகி, இன்றும் தீவுத்திடலருகே சேணமில்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ.

விட்டவை பற்றி இரண்டு வரி. பிரிட்டானியா அரச குடும்பம் முன்பு பயன்படுத்திய கப்பல்; அக்குடும்பத்தின்மேல் ஆர்வம் உள்ளவர்களுக்கு. அரண்மனையை வாயிலோடு பார்த்துவிட்டு, எதிரே என்ரிக் மிராயெஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தைப் பாருங்கள். விஸ்கிக் காட்சியகத்துக்குக் கொடுக்கும் பணத்தில் உங்கள் கணவர் நல்ல புட்டி ஒன்றே வாங்கிவிடலாம்.

உணவுக்குக் கவலை வேண்டாம். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்துச் செய்யும் ஹாகிஸுக்கு, பருப்பும் பயறும் ஓட்ஸும் சேர்த்த சைவ வடிவம் பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கிறது. மசித்த உருளைக்கிழங்கோடு தருவார்கள், மிளகு தூக்கலாக இருக்கும். குடையை நம்பாதீர்கள், காற்று அதைத் திருப்பிவிடும். தலைமூடியுள்ள மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லீட்ஸிலிருந்து வரும்போது ரயிலில் வலப்பக்க இருக்கை கிடைத்தால் பெர்விக் அருகே கடல் தெரியும். அருங்காட்சியகங்கள் ஐந்து மணிக்கு மூடிவிடும். செப்டம்பர் கடைசியில் ஏழு மணி வாக்கில்தான் இருட்டும். ஆகவே உள்ளே பார்ப்பவற்றைப் பகலில் முடித்துவிட்டு, கால்டன் குன்றை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.