அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் ரேங்க் கிடையாதாமே, பிறகு பிள்ளைகளின் சாதனைகளை எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

அடுத்த கோடையில் டப்ளின் பக்கம் குடியேறப் போவதாகவும், மகளுக்கு ஆறு வயது என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ரேங்க் இல்லாத பள்ளியில், நன்றாகப் படிக்கிற பிள்ளையை யார் ஊக்கப்படுத்துவார்கள் என்பது உங்கள் கவலை. என் பிள்ளைகள் இருவரும் கில்டேர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஒரு தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள். பெரியவன் ஃபிஃப்த் கிளாஸ், சின்னவள் செகண்ட் கிளாஸ். நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ரேங்க் இல்லை என்பது உண்மைதான். ஜூனியர் இன்ஃபன்ட்ஸ், சீனியர் இன்ஃபன்ட்ஸ் என்ற இரண்டு மழலை வகுப்புகளில் தொடங்கி, ஃபர்ஸ்ட் கிளாஸிலிருந்து சிக்ஸ்த் கிளாஸ் வரை மொத்தம் எட்டு வருடம், ஒரு தடவைகூட வகுப்பில் யார் முதல், யார் கடைசி என்ற பட்டியல் வராது. ஆனால் பாராட்டுக்கும் கொண்டாட்டத்துக்கும் குறைவே இல்லை. எதைப் பாராட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஒரு பிள்ளை போன மாதம் தன்னால் முடியாத ஒன்றை இந்த மாதம் செய்தால் அது சாதனை. பிள்ளைகள் கூடிச் சேர்ந்து ஒரு வேலையை முடித்தால் அது அதைவிடப் பெரிய சாதனை. இரண்டையும் ஊர் அறியச் சொல்வார்கள்.

முதலில் அசெம்பிளி. பல பள்ளிகளில் வெள்ளிக்கிழமை எல்லா வகுப்பும் ஹாலில் கூடும். பிரின்சிபல் பெயர்களைப் படிக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்வார்கள். ஏன் கொடுக்கிறார்கள் என்பதையும் வாசிப்பார்கள். யார்டில், அதாவது பள்ளி முற்றத்தில், தனியாக நின்ற புதுப் பிள்ளையை விளையாட்டில் சேர்த்துக்கொண்டதற்கு, வகுத்தல் கணக்கை விடாமல் போட்டுப் பழகியதற்கு, கையெழுத்து திருந்தியதற்கு என்று இருக்கும். என் மகன் வீட்டில் ஓயாமல் பேசுவான், வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அவனுக்குக் கிடைத்த முதல் சான்றிதழில், புரியாததைக் கை தூக்கிக் கேட்டதற்காக என்று எழுதியிருந்தது. முப்பது பேருக்குப் பக்கம் இருக்கிற வகுப்பில் ஓர் ஆசிரியை அதைக் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. அதற்கப்புறம் அவன் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை.

ஆனால் இந்த வாராந்தரப் பாராட்டு எல்லா வகுப்பிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சில ஆசிரியர்கள் வரிசைப்படி வாரத்துக்கு ஒருவர் என்று கொடுத்துவிடுவார்கள். ஈஸ்டர் விடுமுறை வருவதற்குள் இன்னும் யார் பாக்கி என்று பிள்ளைகளே கணக்குச் சொல்லிவிடுவார்கள். "நன்றாகச் செய்தாய்" என்று மட்டும் எழுதிய சான்றிதழ் பிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டு அடுத்த வாரம் மறந்துபோகும். காரணம் குறிப்பாக எழுதப்பட்டிருந்தால் பிள்ளை அதை வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். ஆசிரியரைச் சந்திக்கும்போது இதைத் தயங்காமல் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறார்கள்.

சான்றிதழோடு சில வகுப்புகளில் ஹோம்வொர்க் பாஸ் என்று ஒரு சீட்டும் கிடைக்கும். அதைக் கொடுத்தால் ஒரு நாள் வீட்டுப்பாடம் கிடையாது. பிள்ளைகள் கண்ணில் மெடலைவிட அதற்குத்தான் மதிப்பு.

அப்புறம் ஐரிஷ் மொழி. உங்கள் மகள் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் கிளாஸில் சேருவாள், ஐரிஷும் படிப்பாள். பல வகுப்புகளில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பதே ஐரிஷில்தான். பயப்படாதீர்கள், இங்கே பிறந்த பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். அவர்களும் ஐரிஷைப் பள்ளியில்தான் கற்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு மொழி புழங்குகிற நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயங்காமல் ஐரிஷில் பேசுகிற பிள்ளையை வாரா வாரம் தேர்ந்தெடுத்துப் பேட்ஜ் குத்துவார்கள். மார்ச் 1 முதல் 17 வரை ஷக்டன் ந கேல்கே என்ற ஐரிஷ் மொழித் திருவிழா, அதாவது செயின்ட் பாட்ரிக் தினம் வரைக்கும். கொன்ரா ந கேல்கே என்ற மொழி இயக்கம் 1902-இல் தொடங்கியது இது. அந்த நாட்களில் யார்டில் கெய்லி என்ற ஐரிஷ் கூட்டு நடனம், ஐரிஷில் வினாடி வினா, பாட்டு, டின் விசில் என்ற சின்னக் குழல் என்று பள்ளியே வேறு மாதிரி இருக்கும்.

கூட்டாகச் செய்கிற வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பச்சைக் கொடி. பள்ளி வாசலில் ஒரு கம்பத்தில் பச்சைக் கொடி பறப்பதை நீங்களே பார்ப்பீர்கள். அன் டாஷ்கா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 1997-இலிருந்து நடத்துகிற கிரீன் ஸ்கூல்ஸ் திட்டம் அது. முதல் கொடிக்குத் தலைப்பு குப்பை. பிறகு மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து, பல்லுயிர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கொடியைப் புதுப்பிக்க வேண்டும். வேலையைச் செய்வது பிள்ளைகளின் குழு. வகுப்பு வகுப்பாகப் போய்க் குப்பைத் தொட்டியை நிறுத்து எடை எழுதுவார்கள். ஆளில்லாத அறையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். புதன்கிழமை நடந்து வாருங்கள் என்று பெற்றோரையே துரத்துவார்கள். என் மகள் அந்தக் குழுவில் சேர்ந்த வருடம் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் உறையைத் தப்பான தொட்டியில் போட்டுவிட முடியாது.

கொடி ஏற்றும் நாளில் முழுப் பள்ளியும் யார்டில் கூடும். ஊர் கவுன்சிலரோ, நாடாளுமன்ற உறுப்பினரோ, கவுண்டி அணியில் ஆடுகிற ஒருவரோ வருவார். எங்கள் பள்ளியில் ஜூனியர் இன்ஃபன்ட்ஸில் மிகச் சின்னப் பிள்ளையும் சிக்ஸ்த் கிளாஸில் மூத்த பிள்ளையும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். தொட்டியை எடை போட்ட பிள்ளைகள் மைக் பிடித்து, எவ்வளவு குறைத்தோம் என்று கணக்குச் சொன்னார்கள். படிப்பில் சுமாரான, உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாத ஒரு பையன் அன்றைக்கு ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று புள்ளிவிவரம் சொன்னதைப் பார்த்தேன். ரேங்க் பட்டியலில் அவன் பெயரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். இதே மாதிரி உடற்பயிற்சிக்கு ஆக்டிவ் ஸ்கூல் ஃபிளாக் உண்டு. பல பண்பாட்டினரும் சமமாக இருக்கிற பள்ளிக்கு மஞ்சள் கொடி உண்டு. அதை நடத்துவது ஐரிஷ் டிராவலர் மூவ்மென்ட், டிராவலர் என்ற நாடோடி மரபுச் சிறுபான்மையினருக்கான அமைப்பு.

விளையாட்டுக்கு வருவோம். இங்கே அது வெறும் பி.டி. பீரியட் இல்லை. கையாலும் பந்தைப் பிடித்து ஆடுகிற கேலிக் கால்பந்து, மட்டையும் சின்னப் பந்தும் வைத்து ஆடுகிற ஹர்லிங், அதையே பெண்கள் ஆடுகிற கமோகி, இவை அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகள். இவற்றில் தொடக்கப் பள்ளிகளுக்கு என்றே கும்மன் ந முன்ஸ்கொல் என்ற அமைப்பு போட்டிகள் நடத்துகிறது. பள்ளி முடிந்த பிறகு சொந்த நேரத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் ஆசிரியர்கள்தான். டப்ளின் பள்ளிகளின் இறுதிப் போட்டிகள் க்ரோக் பார்க்கில் நடக்கும். 82,300 பேர் கொள்ளுகிற, தேசிய இறுதிப் போட்டிகள் நடக்கிற அதே மைதானம். பதினொரு வயதுப் பிள்ளை அந்தப் புல்லில் இறங்கி ஆடுவதை அந்தக் குடும்பம் எப்படிப் பேசும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெயித்தால் கோப்பை வகுப்பு வகுப்பாகச் சுற்றி வரும், அன்றைக்கு யாருக்கும் வீட்டுப்பாடம் இல்லை. தோற்றாலும் பேருந்து திரும்பும்போது பிள்ளைகள் வாசலில் இரண்டு பக்கமும் நின்று கைதட்டி வரவேற்பார்கள். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தோற்று வந்த பெண் பிள்ளைகள் அழுதுகொண்டே இறங்கி, சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

பெரியவர்களின் வெற்றியும் பள்ளிக்கு வரும். கவுண்டிகளுக்கு இடையிலான தேசியப் போட்டியில் 2024-இல் ஹர்லிங் பட்டத்தைக் கிளேர் கவுண்டியும் கேலிக் கால்பந்துப் பட்டத்தை ஆர்மாவும் வென்றன. 2025-இல் டிப்பரரியும் கெர்ரியும். அப்படி வென்ற கவுண்டியில் ஹர்லிங்குக்கான லீயம் மெக்கார்த்தி கோப்பையையோ கால்பந்துக்கான சாம் மகுவயர் கோப்பையையோ வீரர்கள் பள்ளி பள்ளியாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். இவர்கள் யாருக்கும் ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. பலர் பள்ளி ஆசிரியர்கள். அதனால் கோப்பையோடு உள்ளே வருகிறவர் அதே பள்ளியில் படித்தவராக இருப்பது ரொம்பச் சாதாரணம்.

ஜூன் மாத ஸ்போர்ட்ஸ் டே தனி ரகம். கரண்டியில் முட்டை, சாக்கு ஓட்டம், மூன்று கால் ஓட்டம், கடைசியில் எல்லோருக்கும் ஐஸ்கிரீம். ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் 1955-இலிருந்து நடந்துவரும் டெக்ஸாகோ குழந்தைகள் ஓவியப் போட்டி இருக்கிறது. அறிவியலுக்கு ஈ.எஸ்.பி. சயன்ஸ் பிளாஸ்ட். ஒரு வகுப்பே சேர்ந்து ஒரு கேள்வியை ஆராய்ந்து காட்டும். அதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது, ஒவ்வொரு வகுப்போடும் நடுவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பள்ளிக்கு வெளியே பிள்ளை வாங்குகிற பரிசையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். ஐரிஷ் நடன மெடல், நீச்சல் சான்றிதழ், கம்யூனிட்டி கேம்ஸ் பதக்கம் எல்லாம் வரும். என் மகள் சலங்கையை எடுத்துப் போய்க் கட்டி ஆடிக் காட்டினாள். வகுப்பே எழுந்து அடவு பழகியது என்று ஆசிரியை சொன்னார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பக்கம் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருப்பவை. அவற்றில் செகண்ட் கிளாஸ் வருடம் முழுக்க முதல் நற்கருணைக்கான ஆயத்தம் நடக்கும், சிக்ஸ்த் கிளாஸில் உறுதிபூசுதல். இரண்டும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான திருச்சடங்குகள். பாட்டுப் பயிற்சி, வெள்ளை உடை, தேவாலயத்தில் விழா, பிறகு ஹாலில் தேநீர், தாழ்வாரத்தில் புகைப்படங்கள். அந்த வயதில் அதுதான் பள்ளியின் மிகப் பெரிய கொண்டாட்டம். வேறு மதத்துப் பிள்ளை சமய வகுப்பில் பங்கெடுக்காமல் இருக்க அரசியலமைப்பே உரிமை தருகிறது. ஆனால் நடைமுறையில் பிள்ளை அதே அறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும். என் மகள் இந்த வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். பாட்டெல்லாம் அவளுக்கும் மனப்பாடம், விழா மட்டும் அவளுக்கு இல்லை. எல்லோரையும் இவ்வளவு அழகாகச் சேர்த்துக்கொள்கிற பள்ளிகள் இதை இன்னும் யோசிக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். இது உங்களுக்கு முக்கியம் என்றால் திருச்சபையின் பொறுப்பில் இல்லாத எஜுகேட் டுகெதர் பள்ளிகளையும் கம்யூனிட்டி நேஷனல் ஸ்கூல்களையும் முதலில் விசாரியுங்கள். அங்கே நற்கருணை ஆயத்தம் பள்ளிப் பாட நேரத்துக்கு வெளியே நடக்கும், பல மதத்து விழாக்களுக்கும் இடம் உண்டு. டப்ளின் பக்கம் இவை இருக்கின்றன, ஆனால் இடம் கிடைப்பது எளிதல்ல, சீக்கிரம் விண்ணப்பியுங்கள். கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. 2018 சேர்க்கைச் சட்டத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் இல்லை என்பதற்காக உங்கள் பிள்ளையைப் பின்னால் தள்ள முடியாது. செகண்ட் கிளாஸ் தொடங்குகிற செப்டம்பரிலேயே ஆசிரியரிடம் பேசி, அந்த நேரத்தில் பிள்ளைக்கு உருப்படியான வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, படிப்பு எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நவம்பர் வாக்கில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு, வருடக் கடைசியில் ரிப்போர்ட். செகண்ட், ஃபோர்த், சிக்ஸ்த் கிளாஸ்களில் ஆங்கில வாசிப்புக்கும் கணக்குக்கும் பொதுத் தேர்வு மாதிரி ஒன்று வைத்து, ஸ்டென் என்ற 1 முதல் 10 வரையிலான எண்ணைக் கொடுப்பார்கள். 5, 6 என்றால் சராசரி. அது உங்களுக்குத் தெரிவிக்க மட்டும், ஹாலில் யாரும் படிக்க மாட்டார்கள். இந்த எண்ணைக் கவனமாகப் பாருங்கள். சான்றிதழ்கள் குவிவதைப் பார்த்துப் படிப்பிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது, ஆசிரியரிடம் நேராகக் கேட்க வேண்டும். உங்கள் மகள் கெட்டிக்காரி என்றால் அவளுக்குக் கூடுதல் வேலை கொடுப்பார்கள், ஆனால் நீங்கள் கேட்டால்தான் பல சமயம் வரும்.

சேர்க்கையின்போது புகைப்பட அனுமதிப் படிவம் ஒன்று தருவார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பள்ளி வெளியிடுகிற படங்களில் உங்கள் பிள்ளை இருக்க மாட்டாள். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மதிப்பார்கள். பெற்றோர் சங்கத்திலும் பெயர் கொடுங்கள். கேக் விற்பனை, ஸ்போர்ட்ஸ் டே எல்லாவற்றுக்கும் ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளைகளோடு தொடர்ந்து உதவப் போகிறீர்கள் என்றால் கார்டா வெட்டிங் என்ற போலீஸ் சரிபார்ப்பு தேவைப்படும். அதற்கு நாளாகும், வந்தவுடனே படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.