பாரிஸ்–சூரிக்–வெனிஸ்–ரோம்: பாஸா, தனி டிக்கெட்டா?

பாரிஸிலிருந்து சூரிக், வெனிஸ் வழியாக ரோம் வரை ரயிலில் போக யூரெயில் பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட் எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். தேதி முடிவாகிவிட்டது, நீண்ட பயணம் மூன்றுதான், கூட 8, 10 வயதுப் பிள்ளைகள் என்கிறீர்கள். அப்படியென்றால் தனித்தனி டிக்கெட்டே எடுங்கள்.

யூரெயில் பாஸில் (பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கு ஒரே பாஸ்) 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மைதான். ஆனால் பாரிஸ்–சூரிக் ஓடும் டிஜிவி லிரியா, வெனிஸ்–ரோம் ஓடும் ஃப்ரெச்சாரோசா ஆகிய அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிப் பணம், பிள்ளைகளுக்கும் சேர்த்து. லிரியாவில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்களும் குறைவு. அவை தீர்ந்தால், கையில் பாஸ் இருந்தும் அந்த வண்டியில் ஏற முடியாது. சீக்கிரம் பதிவு செய்தால் சாதாரண டிக்கெட்டே மலிவாகக் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் திரும்பாது. விசா கைக்கு வந்த பிறகு வாங்குங்கள்.

சுவிட்சர்லாந்துக்குள் சுற்ற 'ஸ்விஸ் ஹாஃப் ஃபேர் கார்டு' பாருங்கள். ரயில், படகு, பல மலை ரயில்களிலும் பாதிக் கட்டணம். அதனுடன் இலவசமாகத் தரும் ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். அது இருந்தால், உங்களோடு வரும் பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலான ரயில்களில் டிக்கெட்டே வேண்டாம்.

நினைத்த நாளில் நினைத்த ஊர் என்று ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் அலைவதாக இருந்தால் பாஸ் எடுக்கவே சொல்லியிருப்பேன். அங்கே பகல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்பதிவு கட்டாயமில்லை.