கிராமத்துச் சபையில் ஊழியம் செய்யும் இளைஞரின் ஒரு வாரம் எப்படிப் போகும்? வேதத்தைத் தியானிக்க நேரம் கிடைக்கிறதா?

ஆலங்குளம் பக்கம் ஒரு சின்ன ஊரில் சபை ஊழியராக இருக்கிறேன். வயது இருபத்தாறு. பெரியவர்கள் இன்னும் 'உபதேசியார்' என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கும் அதுவே பிடிக்கும். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் 1785இல் ஆலயம் கட்டிய காலத்தில் அந்தச் சபையைக் கவனித்துக்கொண்ட சத்தியநாதனும் முதலில் உபதேசியார்தான். 1790இல்தான் குருப்பட்டம் பெற்றார்.

வாரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளில், பல ஊர்கள். ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் குருவானவர் ஒருவர்தான். திருவிருந்து ஆராதனைக்கு அவர் முறை வைத்து ஒவ்வொரு ஊராக வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனையும் பிரசங்கமும் ஊழியர் பொறுப்பு. விடியுமுன் கோயில் மணி அடித்ததும் அருணோதய ஜெபம். பகலில் வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனி இரவு ஓய்வுநாள் ஆயத்த ஆராதனை, ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி, அப்புறம் ஆராதனை. திங்கள் ஓய்வு என்று பெயர். ஊரில் ஒரு துக்கம் என்றால் திங்களும் கிடையாது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஞாயிறன்று கைப்பிடி அரிசி வரும். சோற்றுக்கு அரிசி அளக்கும்போதே ஒரு கை அள்ளித் தனியாக எடுத்து வைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். இந்தப் பக்கத்து ஜனங்களின் கொடுக்கிற மனசு அப்படி. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதும் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம்முடைய காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அதன் செயலாளராக இருந்த வெள்ளாளன்விளை அசரியாதான் 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். பீடி சுற்றிப் பிழைக்கிற வீட்டிலிருந்து வந்த அந்த அரிசியைப் பார்த்த பிறகு, ஆயத்தமில்லாமல் பிரசங்க பீடத்தில் ஏற எனக்கு மனசு வராது.

சரி, தியானத்துக்கு வருகிறேன். ஆங்கிலிக்கன் ஜெபபுத்தகத்தின் பழைய முறைப்படி, வேதத்தில் பாட்டும் ஜெபமுமாக இருக்கும் சங்கீதங்களை வாசிக்கிறேன். நூற்றைம்பது சங்கீதங்களையும் முப்பது நாளுக்குப் பங்கிட்டிருப்பார்கள், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். நம் விருப்பத்துக்கு விட்டால் 23, 91, 121 என்று ஆறுதலானவற்றையே சுற்றிச் சுற்றி வருவோம். இந்த முறையில் பதினேழாம் தேதி காலையில் 88ஆம் சங்கீதத்தைத் தாண்டிப் போக முடியாது. முழுக்கப் புலம்பல். மற்றப் புலம்பல்களைப் போல நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்லி முடியவும் செய்யாது. மகனைப் பறிகொடுத்த ஒரு வீட்டில், 'எல்லாம் நன்மைக்கே' என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனபின், இந்தச் சங்கீதத்தை வாசித்தேன். அந்த அப்பா தலையை நிமிர்த்தி, "இப்படியும் வேதத்துல இருக்கா?" என்று கேட்டார். வேதத்தில் இது இருப்பதற்காக நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து வாசிக்க விடியற்காலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும், அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் வேதம் எனக்கு அதிகமாகத் திறப்பது வீடு சந்திப்பில்தான். மத்தியானம் வாசல் நிழலில் பெண்கள் மடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரியே நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்த பீடி இலை. தகட்டை வைத்துக் கத்தரித்து, தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்குவார்கள். கடையில் எண்ணிக் கொடுக்க வேண்டும், அதனால் கை நிற்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன்.

ஒருநாள் பழைய ஏற்பாட்டில் 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். புருஷன் செத்துப்போனான், கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்திருக்கிறான் என்று ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து அழுகிறாள். வீட்டில் ஒரு குடம் எண்ணெய்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கதவைப் பூட்டிக்கொண்டு அவற்றில் எண்ணெயை வார் என்கிறார் எலிசா. குழு லோனுக்கு வாராவாரம் தவணை கட்டுகிற பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எண்ணெய் பெருகின அற்புதத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கினேன். ஒரு பாட்டி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்கள்: "பக்கத்து வீட்டுக்காரவ பாத்திரம் குடுத்தாவளே, அதச் சொல்லுங்கய்யா. கடன்ல கெடக்கவளுக்கு யாரு நம்பி ஒரு குடம் குடுப்பா? திருப்பித் தருவாளான்னுலா நெனப்பாவ."

வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தேன். இனி வேறு பாத்திரம் இல்லை என்று மகன் சொன்னதும்தான் எண்ணெய் நின்றது. அக்கம்பக்கத்தார் எத்தனை பாத்திரம் கொடுத்தார்களோ அத்தனை எண்ணெய்! இன்னொன்றும் இருக்கிறது. செத்துப்போனவன் தீர்க்கதரிசிகளின் புத்திரரில், அதாவது அவர்களுடைய சீஷர் கூட்டத்தில் ஒருவன், கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். அவன் வீட்டிலேயே கடன் இருந்திருக்கிறது. விசுவாசக் குறைவால்தான் கடன் வருகிறது என்று ஏழைகளிடம் பிரசங்கிக்கிறவர்கள் இந்த ஒரு வசனத்தையாவது நிதானமாக வாசிக்க வேண்டும்.

அந்த ஞாயிறு நான் பாத்திரம் கொடுத்தவர்களைப் பற்றியே பேசினேன். தவணைக்குக் குறைகிறவர்களுக்கு வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுக்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கலாமா என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை.

ஊழியத்துக்கு வரும் எண்ணத்தில் இதைக் கேட்டிருந்தால், முதலில் உங்கள் சேகர ஐயரிடம் சொல்லுங்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரி, குருத்துவப் படிப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் வயதான ஊழியர் ஒருவரோடு சில மாதங்கள் வீடு சந்திப்புக்குப் போய் வாருங்கள். அவரையே ஜெபிக்க விட்டு, நீங்கள் வேதத்தை மட்டும் வாசியுங்கள். வாசித்து முடித்ததும் உடனே விளக்கம் சொல்லத் தொடங்காமல், அவர்கள் பேசக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.