தேயிலை மலைக்காட்சி வரைகிறேன், கடைசி மலைக்கும் அதே கரும்பச்சைதான் பூசுகிறேன். தூரம் வரவில்லை, கொழுந்து பறிக்கும் பெண்களும் ஒட்டவைத்த மாதிரித் தெரிகிறார்கள். என்ன செய்யலாம்?

கொழும்பில் உயரமான மாடி எதிலாவது ஏற முடிந்தால், தை மாதத்தில் ஒரு விடியற்காலை கிழக்குப் பக்கம் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் சிவனொளிபாதமலை தெரியும். 2,243 மீற்றர் உயரம், அத்தனை காடும் பாறையும், 70 கிலோமீற்றர் தாண்டி வரும்போது வானத்தைவிடச் சற்றே அழுத்தமான சாம்பல் நீலம், அவ்வளவுதான். இடையில் உள்ள காற்று சிதறடிக்கும் நீல ஒளி மலையின் இருட்டை மூடிவிடுகிறது. தூரம் கூடக்கூட முதலில் காணாமல் போவது கறுப்புத்தான். நீங்களோ கடைசி மலைக்கும் அதே கரும்பச்சை என்று எழுதியிருக்கிறீர்கள்.

தூர மலைக்குப் பச்சை டியூபைத் தொடவே வேண்டாம். அல்ட்ராமரைன் நீலம், கொஞ்சம் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, நிறைய வெள்ளை. முன்னுக்கு வரவர வெள்ளையைக் குறைத்து மஞ்சளைக் கூட்டுங்கள். அக்ரிலிக் என்றால் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும், அதனால் வெளிறலாகவே கலக்குங்கள். ஒவ்வொரு மலையும் உச்சியில் அழுத்தமாக, அடிவாரத்தில் கரைந்துபோக வேண்டும், மூடுபனி பள்ளத்தில்தானே தங்கும். வெள்ளையின் கதை வேறு. சென் கிளயர் மாதிரி ஒரு நீர்வீழ்ச்சியைத் தூரத்தில் வைத்துத் தனி வெள்ளை பூசினால் அது முன்னால் பாய்ந்து வந்துவிடும். துளி மஞ்சள் கலந்து மங்கலாக்குங்கள்.

சரி, ஆட்கள். ஆட்களின் அளவைப் பிடிக்க எல்லாத் தலையையும் அடிவானக் கோட்டில் வைக்கும் வழி சமதரைக்குத்தான், சரிவில் எடுபடாது. தேயிலைச் செடியை அளவுகோலாக எடுங்கள். கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் வைத்திருப்பார்கள், எனவே முதலில் செடி, அதற்கு மேல் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஆள். கூடைக் கயிறு தலையில் மாட்டியிருப்பதால் கழுத்து கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். அந்தக் குனிவு சரியாக விழுந்தால் முகமே தேவையில்லை. நிமிர்ந்து நின்றால் போட்டோவுக்கு நிற்பது போல ஆகிவிடும்.

அப்புறம், கொழும்பு கிறீன் பாத் நடைபாதையில் விற்கும் படங்களில் அடுத்த மலையில் நிற்பவருக்கும் பளிச்சென்ற சிவப்புச் சேலை கட்டிவிடுகிறார்கள், வாங்குபவர்களுக்குப் பிடிக்கிறது போல. உங்களுக்குத் தூரம் வேண்டுமென்றால் அந்தச் சிவப்பு கிட்ட நிற்பவருக்கு மட்டும். தூரத்து ஆளுக்கு, அவர் நிற்கும் மலைக்குக் கலந்த நிறத்திலேயே துளி சிவப்பு சேர்த்து இரண்டு தடவல் போதும்.

முடிந்ததும் போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். மிகக் கறுத்த இடம் முன்னால் நிற்பவரின் கூடை நிழலில் இல்லாமல் நடுமலையில் இருந்தால், அங்கே தண்ணீராகக் கரைத்த வெள்ளையை மெல்லிசாக ஒரு பூச்சு பூசுங்கள்.